ஏழாவது வரியில் ஓம்

எங்கள் டீம் லீடை ஆபீசில் நான் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அவன் என்றுதான் எழுதப் போகிறேன். அவனுக்கு மரியாதை கொடுக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் பதினோரு பேர். சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் வேலை. அப்படி வந்தவர்களில் ஒருவர் பூந்தமல்லி பாய். சாமியானா, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் நாலு ஐஸ் பெட்டியும் உண்டு. சாவு வீட்டில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. முன்பெல்லாம் பாய்க்குப் போன் பண்ணிச் சொல்வார்கள், அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். இப்போது செல்போனில் ஒரு பக்கத்தைத் திறந்து, பெட்டி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, விலாசம் போட்டு அழுத்தினால் பச்சை டிக் வரும், பெட்டி வண்டியேறி வந்துவிடும். அந்தப் பக்கத்தை எழுதியவள் நான்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் பச்சை டிக் வந்தது, பெட்டி வரவில்லை. மற்ற மூன்று பெட்டிகளும் காலையிலேயே வெளியே போய்விட்டன. மிச்சமிருந்த அந்த ஒரே பெட்டியை, இவர்கள் அழுத்துவதற்கு மூன்று நிமிஷம் முன்னால் மேனாம்பேட்டில் இன்னொரு வீட்டார் பதிவு செய்திருந்தார்கள். வண்டி அங்கே போய்விட்டது. இருந்தது ஒரு பெட்டி, கொடுத்தது இரண்டு டிக்.

புகார் எண் அந்த வாரம் என் போனுக்குத் திருப்பி விடப்பட்டிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மணி அடித்தது. இறந்தவருடைய மகள் பேசினாள். என் வயதுதான் இருக்கும். அழவில்லை, கத்தவும் இல்லை.

“எங்கப்பா தரையில கெடக்காருங்க. ஐஸ் கட்டி வாங்கிட்டு வந்து சுத்தி வச்சிருக்கோம், அது உருகி கூடம் முழுக்க ஓடுது. எங்கண்ணன் டெல்லியிலேருந்து வர சாயங்காலம் ஆயிடும். நீங்க டிக் போட்டீங்க இல்ல?”

நான் பாயைக் கூப்பிட்டேன். பாய் அவருக்குத் தெரிந்த கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டார். பெட்டி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை. அதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை, அது மே மாதம்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இறந்தவர் ஆவடி ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவர். என் அப்பாவும் அதே வெல்டிங் ஷாப்பில்தான் முப்பது வருஷம் இருந்தார். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு லைன் தள்ளி அவர்கள் வீடு இருந்திருக்கிறது, எனக்குத்தான் ஞாபகம் இல்லை. அப்பா சாவுக்குப் போனார். திரும்பி வந்து குளித்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே கூடியிருந்த ஃபேக்டரி ஆட்கள் எல்லாரும் அந்த வெப்சைட்காரனை வாயில் வந்தபடி திட்டினார்களாம். அது என் பெண் எழுதியது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லையாம்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அவன், எங்கள் டீம் லீட், எல்லாரையும் டீவி முன்னால் உட்கார வைத்தான். எங்கள் முதலாளியும் வந்திருந்தார். டீவியில் அவன் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டான்.

பிரவுசரில் எஃப் பன்னிரண்டு பொத்தானை அழுத்தினால் கீழே ஒரு ஜன்னல் திறக்கும். அதில் நெட்வொர்க் என்று ஒரு பகுதி. ஒரு பக்கம் சர்வரிடம் என்னென்ன கேட்டது, என்ன பதில் வந்தது என்பதெல்லாம் அங்கே வரி வரியாகத் தெரியும். பெட்டிப் பக்கத்தில் முக்கியமான கேள்விகள் இரண்டு. ‘செக்’ என்பது பெட்டி காலியாக இருக்கிறதா என்று கேட்கும். ‘புக்’ என்பது பெட்டியை இவர் பேரில் எழுது என்று சொல்லும். செக் முதலில் போய், காலி என்று பதில் வந்த பிறகுதான் புக் போக வேண்டும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன், சத்தியமாக.

அவன் காட்டிய படத்தில் புக் முதல் வரியில் இருந்தது. செக் அதற்குக் கீழே.

“பாருங்க சார். புக் மேல கீது, செக் கீய கீது. கேக்காமலே பெட்டிய எய்தி குட்த்துட்டு, அப்பால காலியா கீதான்னு கேக்குது இந்தப் பக்கம்” என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

வழக்கமாக எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அன்றைக்குப் பார்த்து எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. படத்தில் அப்படித்தானே இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேனே, நான்தான் ஏதோ மாற்றி எழுதித் தொலைத்துவிட்டேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்த நிமிஷத்துக்காகத்தான் அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதலாளி முடிவு சொன்னார். முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போக வேண்டும், அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பாய் ஆபீசுக்கு வருகிறார், அவரே கையோடு கொண்டுபோய்க் கொடுப்பார். மாதக் கடைசிக்குள் நான் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது. பக்கத்தை அவன் அடுத்த வாரம் திருத்துவான், அதுவரை அப்படியே ஓடட்டும். கடிதத்தை அவனே அடித்துக் கொடுத்தான். ‘எனது கவனக்குறைவினால்’ என்று ஆரம்பித்தது. அவன் எழுதிய முதல் நல்ல தமிழ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் டீவி சத்தத்தைக் குறைத்தார்.

“தப்பு உன்னுதுன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. உன்னுது இல்லன்னா செத்தாலும் போடாத” என்றார்.

செவ்வாய்க்கிழமை வேறு எந்த வேலையையும் தொடாமல் பெட்டிப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்தேன். என் கம்ப்யூட்டரில் இருபது தடவை ஓட்டினாலும் செக் முன்னால்தான் போனது, புக் பின்னால்தான் போனது. அவன் படத்தில் மட்டும் எப்படித் தலைகீழ்? படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

ஏழாவது வரியில் ‘ஓம்’ இருந்தது.

இந்த ஓம் எங்கள் முதலாளியின் ஏற்பாடு. அவர் முன்னால் பிரஸ் வைத்திருந்தவர். பிள்ளையார் சுழி போடாமல் ஒரு பில்கூட எழுத மாட்டார். கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் விடவில்லை. எங்கள் கம்பெனி செய்கிற எந்தப் பக்கமாக இருந்தாலும் திறந்தவுடன் முதலில் ‘ஓம்’ என்று ஒரு வெறும் கேள்வி சர்வருக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு பதிலும் கிடையாது, ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஐஸ் பெட்டிக்குப் பக்கம் எழுதும்போது, சாவுக்குப் போய் எதற்கு சார் பிள்ளையார் சுழி என்று கேட்டேன். “கம்ப்யூட்டருக்குத்தானம்மா போடறோம், பொணத்துக்கா போடறோம்” என்றார். போட்டேன். எது பிந்தினாலும் ஓம் பிந்தாது, அது எப்போதும் முதல் வரிதான்.

அப்படிப்பட்ட ஓம் ஏழாவது வரியில் எப்படி வந்தது? மேலேயிருந்து மறுபடி படித்தேன். புக், செக், அப்புறம் டேட்டு, ஃபார்ம்... வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எல்லாம் ஆங்கில எழுத்து வரிசை. அடப்பாவி.

நெட்வொர்க் பட்டியலில் ‘பெயர்’ என்கிற தலைப்பின் மேல் ஒரு தடவை கை பட்டால் போதும், வரிகள் நேரத்தை விட்டுவிட்டுப் பெயர்ப்படி அடுக்கிக்கொள்ளும். திருப்பி மாற்றாவிட்டால் அப்படியேதான் கிடக்கும். அவன் லேப்டாப்பில் எப்போதோ கை பட்டிருக்கிறது. பி-யில் ஆரம்பிக்கிற புக் மேலே ஏறிவிட்டது, சி-யில் ஆரம்பிக்கிற செக் அதற்குக் கீழே வந்துவிட்டது. அந்த வரிசையைப் பார்த்துத்தான் இந்தப் பெரிய மனுஷன் எனக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறான். பத்து வருஷ அனுபவமாம்.

அதோடு விடவில்லை நான். வரிசை சரி என்றால் பெட்டி எப்படி இரண்டு பேருக்குப் போனது? அதே படத்தில் செக் வரியில், பதிலின் அளவைக் காட்டுகிற இடத்தில், எண்ணுக்குப் பதிலாக ‘டிஸ்க் கேஷ்’ என்று மங்கலாக எழுதியிருந்தது. கேள்வி சர்வருக்குப் போகவே இல்லை, பிரவுசர் தன்னிடம் ஏற்கெனவே இருந்த பழைய பதிலையே எடுத்து நீட்டிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் வேலை பார்க்கும்போது பழைய பதிலை எடுக்காதே என்கிற குட்டிக் கட்டத்துக்குள் டிக் வைத்துவிட்டுத்தான் பார்ப்போம். அதனால்தான் என் கம்ப்யூட்டரில் இருபது தடவை ஓட்டியும் எனக்குத் தெரியவில்லை. அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓட்டினேன். கையும் களவுமாக மாட்டியது.

செக்குக்கு வந்த பதிலை ஐந்து நிமிஷம் வைத்துக்கொள் என்று சர்வரில் ஒரே ஒரு வரி. முத்தாபுதுப்பேட்டைப் பெண் பக்கத்தைத் திறந்தபோது பெட்டி காலிதான். அவள் விலாசம் போட்டு முடிப்பதற்குள் மேனாம்பேட்டுக்காரர்கள் பதிவு செய்துவிட்டார்கள். அவள் அழுத்தியபோது செக் பழைய பதிலையே பார்த்துக் காலி என்றது, புக் போய்விட்டது. ஏற்கெனவே போன பெட்டிக்கு மறுபடி புக் வந்தால் சர்வர் மறுக்க வேண்டும். அந்த வேலையையும் ‘அப்பால பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவன் அவன்தான். அந்த ஐந்து நிமிஷ வரியை யார் போட்டது என்று பழைய மாற்றங்களின் பட்டியலில் பார்த்தேன். அவன் பேர், சம்பவத்துக்கு முந்தின வியாழக்கிழமை. பக்கம் சீக்கிரம் திறக்கவாம், ‘பேஜ் ஸ்பீடு’ என்று அருகில் குறிப்பு வேறு.

நான் எழுந்து போய் அவன் மேஜையில் அதைப் போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. போன வருஷம் அவன் செய்த இதைவிடப் பெரிய பிழை ஒன்றை டீக்கடையில் வைத்து ரகசியமாக அவனிடம் சொன்னேன், பாவம், பேர் கெட வேண்டாமே என்று. அவன் போய்ச் சரிசெய்துவிட்டு, தானே கண்டுபிடித்ததாக முதலாளியிடம் சொன்னான். பாராட்டிப் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். இந்தத் தடவையும் சொன்னால் பத்து நிமிஷத்தில் அந்த வரி மாயமாகும். வெள்ளிக்கிழமை கடிதத்தில் என் கையெழுத்துத்தான் இருக்கும். நானே அந்த வரியை எடுத்துவிட்டாலும் அதே கதைதான், டீவியில் ஓட்டிக் காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் விட்டுவைத்தேன். பாயும் முதலாளியும் இருக்கும்போது, அவன் லேப்டாப்பில், அவன் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதனும் வியாழனும் என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்ததில்லை. அவன் என் இடத்துக்கு வந்து, எல்லாருக்கும் நடப்பதுதான், மனசை விட்டுவிடாதே என்றான். தேங்க்ஸ் சொன்னேன். அவனுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் எனக்காகச் சொல்லி வைக்கிறேன் என்றான். அதற்கும் தேங்க்ஸ். அவன் அடித்த கடிதத்தில் மூன்று பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். வியாழக்கிழமை நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன். ஒருத்தனை மாட்ட வைக்கப் போகிறோம் என்று தெரிந்தால் அப்படித் தூக்கம் வருகிறது, என்ன செய்ய.

வெள்ளிக்கிழமை பாய் பதினொன்றரைக்கு வந்தார். வெயிலில் வண்டி ஓட்டி வந்த மனுஷன், தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தார். முதலாளி கடிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடுகிறேன் சார், என் தப்பு என்ன என்று பாய்க்கும் இவர் ஒரு தடவை காட்டிவிடட்டும், தெரியாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாமே என்றேன். அவன் சந்தோஷமாக லேப்டாப்பை டீவியோடு மாட்டினான்.

படம் வேண்டாம், பக்கத்தையே ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். ஓட்டினான். அதே பெயர் வரிசை, அதே புக் மேலே. பக்கம் இந்த வரிசையில்தானே கேட்கிறது என்று கேட்டேன். ஆமாம் என்றான். மேலே இருப்பது முதலில் போனது, கீழே இருப்பது பிறகு போனது, அப்படித்தானே என்று மறுபடி கேட்டேன். அதான் சொன்னேனே என்று சலித்துக்கொண்டான். பாய்க்குப் புரியட்டும், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். மூன்றாவது தடவையும் சொன்னான். மூன்று தடவை சொல்ல வைக்க வேண்டும் என்று நான் வீட்டிலேயே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“சார், நம்ம ஓம் எத்தனாவதா இருக்கு?” என்று முதலாளியைக் கேட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து டீவி பக்கத்தில் போய், விரல் வைத்து எண்ணினார். ஏழு என்றார். முகம் சிவந்துவிட்டது. பிள்ளையாரை யார் கீழே தள்ளியது என்று அவனைத்தான் கேட்டார். ஓம் முதலில்தான் போகும் சார் என்று அவன் உளறினான். அப்படியென்றால் இந்தப் பட்டியல் கேள்விகள் போன வரிசை இல்லையே என்று நான் மெதுவாகச் சொன்னேன். மவுஸை அவன் கையிலிருந்து வாங்கி, ‘பெயர்’ தலைப்பின் பக்கத்தில் இருந்த குட்டி அம்புக்குறியைக் காட்டினேன். அப்புறம் நேரம் காட்டுகிற தலைப்பை அழுத்தினேன். வரிகள் இடம் மாறின. ஓம் மேலே போய் உட்கார்ந்தது. செக் முன்னால், புக் பின்னால்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவள். நிறுத்தவில்லை. செக் வரியில் இருந்த டிஸ்க் கேஷைக் காட்டினேன். ஐந்து நிமிஷப் பழைய பதில் என்றால் என்ன என்று பாய்க்கு விளக்கினேன். பழைய மாற்றங்களின் பட்டியலைத் திறந்து அவன் பேரைப் பெரிதாக்கினேன், டீவி முழுக்க அவன் பேர் மட்டும் தெரிகிற மாதிரி. அவன் காது மடல் சிவந்ததைக்கூட ரசித்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன், ஜென்ம சாபல்யம் என்பார்களே, அப்படி இருந்தது.

“இன்னாமா, ஒரு வார்த்த எங்கைல சொல்லிர்க்கலாம்ல?” என்றான், சன்னமாக.

“திங்கக்கெழம நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றேன்.

முதலாளி கடிதத்தை என் முன்னாலிருந்து எடுத்தார். என் பேரை அடித்துவிட்டு அவன் பேரைத் தன் கையாலேயே எழுதி, பேனாவோடு அவன் பக்கம் தள்ளினார். அவன் போட்டான். அப்பாவுக்கு அங்கேயே போன் பண்ண வேண்டும் போல இருந்தது எனக்கு. அந்த ஃபேக்டரி ஆட்கள் முன்னால் அவர் இனி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

பாய் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அவர் என்னைப் பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“எப்பமா கண்டுபுட்ச்ச இத?” என்று கேட்டார்.

“செவ்வாய்க்கெழமையே பாய்” என்றேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை.

அவர் தலையை ஆட்டினார். என்னைப் பார்க்காமல், அணைக்காமல் கிடந்த டீவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“புதங்கெழம பருத்திப்பட்டுல ஒரு ஊட்டுக்கு இதே மாதிரி டிக் வந்துச்சு, பெட்டி போகல. செத்தது வயசான அம்மா, ஊட்டாளுங்க என்னியே கூப்ட்டாங்க. நான் வேற கடையில கெஞ்சிகினு கெடந்து, பெட்டி போய் சேர பொயுது சாஞ்சிடுச்சு. இங்க சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு சொல்லல. நீ செவ்வாக்கெழம ஒரு போன் போட்ருந்தா, பக்கத்த மூடிட்டு நோட்டுல எய்திகினு இருந்திருப்பேன்மா.”

குரலில் கோபமே இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, சர்வரில் அந்த ஒரு வரியை எடுத்தேன். அதை எடுக்க எனக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. நாலு நிமிஷம் ஆனது. செவ்வாய்க்கிழமையும் நாலு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.